எச்.டி. டிவிக்கு ஆண்டெனா வேண்டுமா?

புது டிவி வாங்கிய வீடுகளில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. "சார், எச்.டி. ஆண்டெனான்னு ஒண்ணு ஆன்லைன்ல வருதாமே. ஒரு தடவை காசு கொடுத்தா போதுமாம், அப்புறம் மாசச் சந்தாவே கிடையாதாம். வாங்கலாமா?" காலை நடையில் ஒருவர், ரேஷன் கடை வரிசையில் ஒருவர், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒருவர் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் ஓய்வு பெற்றவர்கள். ஆளுக்கு ஒரு வரி பதில் சொல்வதைவிட, ஆற அமர எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் வட்டாரத்தில் யாருக்கும் எச்.டி. படம் பார்ப்பதற்காக ஆண்டெனா வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வாங்கினால் காசு தண்டம். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. மாதாமாதம் யாருக்கும் பணம் கட்டாமல் காற்றில் வருவதைப் பிடித்துப் பார்க்கும் வசதி நமக்கு ஒரு காலத்தில் இருந்ததே, அது எங்கே போயிற்று? அதற்கு "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் போதாது.

நம் வயதுக்காரர்களுக்கு ஆண்டெனாவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி சென்னையில் தூர்தர்ஷன் ஆரம்பித்தது. நிலையமும் கோபுரமும் சேப்பாக்கம் பக்கம், சுவாமி சிவானந்தா சாலையில். சாலிடேர், டயனோரா என்று நம் ஊரிலேயே செய்த பெட்டிகள் வந்தன. மரக்கதவு வைத்த டிவிப் பெட்டியைச் சாத்தி, மேலே தையல் போட்ட துணி விரித்து, அதன்மேல் ஒரு பொம்மையும் வைத்த வீடுகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தெருவுக்கு ஒரு டிவி, அந்த வீட்டுத் திண்ணையில் தெருவே. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம்.

ராயபுரத்தில் இருந்தவர்களுக்குச் சேப்பாக்கம் கோபுரம் கூப்பிடு தூரம். சில வீடுகளில் பெட்டியின் மேலேயே இரண்டு கம்பியை விரித்து வைத்துச் சமாளித்தார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடக்கே போகப் போகக் கம்பத்தின் உயரம் கூடும். கத்திவாக்கம், எண்ணூர் போனால் பத்து மைலுக்கு மேல் ஆகிவிடும். நடுவில் துறைமுகத்துக் கிரேன், தொழிற்சாலைக் கொட்டகை, புகைபோக்கி எல்லாம் நிற்கும். ஒரு முகத்துக்கு இரண்டு முகம் தெரியும். அலை ஒன்று நேராகவும் இன்னொன்று எதிலாவது பட்டுத் திரும்பியும் வந்து சேருவதால் விழும் நிழல் அது. உடனே பூஸ்டர் வாங்குவார்கள். பூஸ்டர் படத்தையும் பெருக்கும், நிழலையும் சேர்த்துப் பெருக்கும்.

மொட்டை மாடியில் ஒருத்தர், ஜன்னலில் ஒருத்தர், டிவிக்கு முன்னால் ஒருத்தர். "வருதா?" "வரல." "இப்போ?" "வந்துச்சு, போயிடுச்சு." ஒருவழியாகச் சரி செய்து இறங்கினால், மறுநாள் காக்கா உட்கார்ந்து திருப்பிவிடும். காத்தாடி சீசனில் மாஞ்சா நூல் சுற்றிக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே கடல் காற்று. உப்பு பட்டு அலுமினியக் குழாயில் வெள்ளையாகப் பொடி பூக்கும். ஒயர் சேரும் இடத்தில் திருகாணி துருப்பிடித்து உதிரும். நம் பக்கத்தில் ஆண்டெனாவுக்கு ஆயுசு கம்மி.

அந்த மீன் முள் வடிவ ஆண்டெனாவுக்கு யாகி என்று பெயர். ஜப்பானில் 1926 வாக்கில் உடா, யாகி என்ற இரண்டு பேராசிரியர்கள் கொண்டுவந்த அமைப்பு. காசிமேட்டு ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். நடு முள் ஒன்று, பக்கத்து முட்கள் வரிசையாக. அந்த முட்களில் ஒன்றுதான் ஒயரோடு சேர்ந்திருக்கும். மற்றவை அலையை அதன் பக்கம் கூட்டிக்கொண்டு வருபவை. பின்னால் இருக்கும் நீளமான முள், தாண்டிப் போகும் அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். எந்த அலைவரிசையைப் பிடிக்க வேண்டுமோ அதற்குத் தக்கபடி முள்ளின் நீளம். அவ்வளவுதான் ஆண்டெனாவின் வேலை. வலை மாதிரி. வலைக்கு வஞ்சிரமா வவ்வாலா என்று தெரியாது; கண்ணியின் அளவுக்கு எது சிக்குமோ அதைப் பிடிக்கும்.

இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எச்.டி. என்பது ஆண்டெனாவில் இருக்கும் குணம் அல்ல. அனுப்புகிறவர் எந்தத் தரத்தில் அனுப்புகிறாரோ அதுதான் வரும். நம் பழைய டிவிப் படம் 625 வரி, அதில் கண்ணுக்குத் தெரிவது 576. எச்.டி. என்றால் 1080 வரி, ஒவ்வொரு வரியிலும் 1920 புள்ளி. காற்றில் 1080 வரிப் படம் வந்தால்தான் ஆண்டெனா அதைப் பிடித்துக் கொடுக்கும். வராததை எந்த ஆண்டெனாவும் உண்டாக்கித் தராது. அட்டையில் "எச்.டி.", "4கே" என்று தங்க எழுத்தில் போட்டிருப்பது வியாபாரம். கடலில் மீன் இல்லாத இடத்தில் புது வலை வீசினால் என்ன கிடைக்கும்?

சரி, அப்படியானால் இந்த விளம்பரம் மொத்தமும் பொய்யா என்றால், அதுவும் இல்லை. அது வேறு தேசத்துக்கு உண்மை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில்தான் இந்தப் பேச்சு முதலில் கிளம்புகிறது. "நான் இங்கே ஜன்னல்ல ஒரு சின்ன தகடு ஒட்டி வெச்சிருக்கேன்பா, எத்தனையோ சேனல் சும்மாவே வருது" என்று மகன் அமெரிக்காவிலிருந்து சொல்வான். அவன் சொல்வது நிஜம்தான். அங்கே பெரிய நிறுவனங்களின் சேனல்கள் ஊருக்கு ஊர் கோபுரம் வைத்துக் காற்றில் அனுப்புகின்றன. 2009 ஜூன் 12ஆம் தேதியோடு அங்கே பெரிய நிலையங்கள் பழைய முறையை மூடிவிட்டு டிஜிட்டலுக்கு மாறின; எச்.டி.யும் இலவசமாக வருகிறது. பிரிட்டனில் 2012இல் மாற்றி முடித்தார்கள். கூரை ஆண்டெனாவிலேயே எச்.டி. சேனல்கள் கிடைக்கின்றன. கனடாவில் டொரன்டோ பக்கம் நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே நல்ல ஆண்டெனா வைத்தால் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அமெரிக்க ஊர் பஃபலோவின் சேனல்கள்கூட வரும். தண்ணீருக்கு மேல் அலை தடையில்லாமல் போகும். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது நம் தென்கடற்கரை ஊர்களில் உயரக் கம்பம் நட்டுப் பார்த்தார்களே, அதே சமாச்சாரம்தான்.

நம் தேசத்தில் கணக்கு வேறு. தனியார் எஃப்.எம். வானொலிக்கு அனுமதி உண்டு. தனியார் டிவிக்கு, தரையில் கோபுரம் வைத்துக் காற்றில் அனுப்ப அனுமதி கிடையாது. அது தூர்தர்ஷனுக்கு மட்டும். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது முதல் இன்றுவரை வந்த அத்தனை தனியார் தமிழ்ச் சேனல்களும் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து கேபிள்காரரின் பெரிய குடைக்கோ உங்கள் வீட்டுச் சின்னக் குடைக்கோ இறங்குபவை. மொட்டை மாடி மீன்முள்ளுக்கு அவை ஒருநாளும் அகப்பட்டதில்லை. ஜன்னலில் ஒட்டும் தகட்டுக்கும் அகப்படாது.

மிச்சம் இருந்தது தூர்தர்ஷன் ஒன்றுதான். அதன் பழைய கோபுர ஒளிபரப்பையும் நாடு முழுவதும் படிப்படியாக நிறுத்தினார்கள். முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர மற்றதெல்லாம் 2022 மார்ச் 31க்குள் மூடப்படும் என்று பிரசார் பாரதி அறிவித்தது. டிஜிட்டல் முறையில் காற்றில் அனுப்பும் திட்டமும் ஒன்று வந்தது. 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் ஆரம்பித்தார்கள். அதிலும் தூர்தர்ஷனின் நாலைந்து சேனல்கள்தான், சாதாரணத் தரத்தில். அதைப் பிடிக்க டி.வி.பி.டி.2 என்ற வகை ட்யூனர் டிவிக்குள் இருக்க வேண்டும். இங்கே விற்கும் பல டிவிகளில் அது இல்லை. ஆக, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கொடுத்துத் தகடு வாங்கி மாட்டுகிறவர் நினைக்கும் சீரியல், கிரிக்கெட், செய்திச் சேனல் எதுவும் அதில் வராது. வீட்டம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு உத்தரவாத அட்டை கிடையாது.

அப்படியானால் நல்ல படம் பார்க்க என்னதான் செய்வது? காசு செலவழிக்கும் முன் வீட்டுக்குள்ளேயே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை உள்ள ஒயர் வருகிறதா? அப்படி என்றால் நீங்கள் எச்.டி. பார்க்கவில்லை. அந்த ஒயரால் எச்.டி. படத்தைக் கொண்டுவர முடியாது. டிவி எச்.டி., பாக்ஸ் எச்.டி., கட்டும் பணமும் எச்.டி., நடுவில் ஒயர் மட்டும் பழசு என்று இருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான ஒற்றை முனை ஒயர் வேண்டும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். ரிச்சி தெருவுக்குப் போனால் இன்னும் மலிவு.

இரண்டாவது, பாக்ஸ் எச்.டி.தானா? பல வீடுகளில் இருப்பது சாதாரண பாக்ஸ். அதற்கு எச்.டி.எம்.ஐ. ஒயர் மாட்டினாலும் படம் கொஞ்சம் துலங்குமே தவிர எச்.டி. ஆகாது.

மூன்றாவது, நீங்கள் பார்ப்பது எச்.டி. சேனல்தானா? ஒரே சேனல் இரண்டு எண்ணில் வரும். சாதாரணம் ஒரு எண், எச்.டி. வேறு எண். பழக்கதோஷத்தில் பழைய எண்ணையே அழுத்திக்கொண்டிருப்போம். படத்தில் எல்லோரும் கட்டை குட்டையாய், கன்னம் உப்பித் தெரிந்தால், சதுரப் படத்தை டிவி இழுத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். அதை ரிமோட்டிலேயே சரி செய்யலாம்.

நான்காவது, எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள்? நல்ல கண்ணுக்கு ஒரு அளவு உண்டு. 32 அங்குல டிவியில் சாதாரணப் படத்தின் வரிகள் 8 அடிக்கு அப்பால் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் எச்.டி.க்குக் கொடுக்கும் காசில் பெரிய பலன் இல்லை. 43 அங்குலம் என்றால் பத்தரை அடி. பெரிய ஹால் வைத்திருப்பவர்களைவிட நம் பக்கத்து எட்டுக்குப் பத்து அறையில் கட்டிலோடு ஒட்டி டிவி வைத்திருப்பவர்களுக்குத்தான் எச்.டி.யின் வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். கண்புரை முற்றியிருப்பவருக்கு எந்த பாக்ஸும் உதவாது. ஆபரேஷன் செய்துகொண்டு வந்த ஒரு நண்பர் சொன்னார்: "எங்க வீட்ல எல்லா சேனலும் எச்.டி. ஆயிடுச்சுப்பா."

2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எச்.டி. பேச்சுக்கே இடமில்லை. ஓடும்வரை ஓடட்டும். நன்றாக ஓடும் பொருளைத் தூக்கிப் போட எச்.டி. ஒரு காரணம் அல்ல.

இனி வழிகள். கேபிள், டி.டி.எச். குடை, இணையம், இந்த மூன்றுதான் இன்று நமக்கு உண்டு.

கேபிளின் நல்ல குணம், ஆள் கூப்பிட்டால் வருவார். தெருமுனையில் இருப்பவர், உங்கள் பெயர் தெரியும், ஐந்து தேதி தள்ளிக் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்வார். மழையில் குடைக்கு வரும் தொல்லை கேபிளுக்குக் குறைவு. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒயர். உயரமாகச் சாமான் ஏற்றிய லாரி ஒன்று உரசிக்கொண்டு போனால் தெருவே இருட்டு.

டி.டி.எச். குடைக்கு நடுவில் ஆள் இல்லை. குடை வானத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கே 93.5 பாகையில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட 70 பாகை உயரத்தில், அதாவது ஏறக்குறைய உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் நம் ஊர்க் குடைகள் மல்லாந்து படுத்தமாதிரி இருக்கின்றன. எதிர்வீட்டு மாடி மறைக்கிறது என்று பலரும் பயப்படுவார்கள். அவ்வளவு உயரத்தில் இருப்பதை எதிர்வீடு சுலபத்தில் மறைக்காது. மழைதான் எதிரி. இந்தக் குடைக்கு வரும் அலை மிகவும் குட்டை. கனமழைத் துளிகள் அதைக் குடித்துவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். பழைய ஆண்டெனாவில் படம் மங்கினாலும் புள்ளி புள்ளியாக ஏதோ தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது.

மாதச் சந்தா இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், அதற்கு இன்று இருக்கும் நேர்வழி இந்த ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. குடைக்கும் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவு, பிறகு சந்தா இல்லை. ஆனால் அதில் இந்திச் சேனல்களே அதிகம், படமும் பெரும்பாலும் சாதாரணத் தரம். வீட்டில் பார்க்கும் சேனல் அதில் வருகிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இணையம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தூர்தர்ஷனின் பொதிகை, 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதை இணையத்திலும் பார்க்கலாம். பிரசார் பாரதியே 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் டிவி பார்ப்பதற்கென்றே புதிதாக இணைய இணைப்பு வாங்குவது, ஒரு சந்தாவைத் தவிர்க்கப் போய் இன்னொரு சந்தாவில் மாட்டிக்கொள்வதுதான். செல்போன் டேட்டாவில் பார்த்தால் எச்.டி. படம் மணிக்கு இரண்டு மூன்று ஜிபி தின்றுவிடும்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் ஊர் இந்தச் சோதனைகளுக்கு எல்லாம் முன்னால் நின்ற ஊர். 2003 செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல் பார்க்கப் பாக்ஸ் கட்டாயம் என்ற சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தது சென்னையில்தான். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது எத்தனை பேர் பெருமூச்சு விட்டார்கள்! 2019இல் புதிய கட்டண முறை வந்தது. 100 சேனலுக்கு 130 ரூபாய், வரி தனி, கட்டணச் சேனலுக்கு மேலே தனி. அந்தக் கணக்கில் ஒரு எச்.டி. சேனல் இரண்டு சேனலாக எண்ணப்பட்டது. அதாவது, துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்றால் இரட்டை இடம்.

மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 3,600, பத்து வருடத்துக்கு 36,000. அரசு ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் பட்டையில் யார் இருக்கிறார்கள்? திருவொற்றியூர், மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் உழைத்துவிட்டு பி.எஃப். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்ததோடு சரி. 1,000 ரூபாயில் 300 டிவிக்கு. தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவுக்கு வீட்டில் இருக்கும் ஒரே மனிதக் குரல் அந்த டிவிதான். அவரிடம் "டிவி ஆடம்பரம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. "சந்தாவே இல்லை" என்ற விளம்பரம் அவர் காதில் விழும்போது ஏன் இனிக்கிறது என்பதும் புரிகிறது. பாவம், அவரிடம் விற்கப்படுவது வேலை செய்யாத ஒரு தகடு.

என் கருத்து இதுதான். காற்றில் இலவசமாக டிவி அனுப்புவதைப் பழைய காலத்துச் சங்கதி என்று நாம் கைவிட்டிருக்கக் கூடாது. பழைய முறை டிரான்ஸ்மிட்டர்களை மூடியது சரி. அவை மின்சாரமும் அலைவரிசையும் தின்றன, பார்க்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் மற்ற தேசங்கள் பழையதை மூடியபோது அந்த இடத்தில் புதியதை முழுசாக வைத்துவிட்டு மூடின. இங்கே பழையது போயிற்று, புதியது பெயரளவுக்கு வந்தது. நடுவில் ஜனங்கள் எல்லோரும் சந்தாதாரர்கள் ஆகிவிட்டார்கள்.

இது சீரியலுக்காக மட்டும் சொல்வதில்லை. நாம் கடற்கரை ஜனங்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா அடித்தபோது மரமும் கம்பமும் சாய்ந்து கேபிள் ஒயர்கள் தெருவில் கிடந்தன. குடைகள் பறந்தன. செல்போனும் சரியாகக் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் வடசென்னையில் தண்ணீர் வடிய நாளாயிற்று. ஒயரை நம்பியதும் இணையத்தை நம்பியதும் முதலில் படுத்துவிடும் என்பதை இரண்டு தடவையும் கண்ணால் பார்த்தோம். கரன்டே இல்லாதபோது டிவி எப்படி ஓடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானில் 2006லிருந்தே செல்போனில் நேரடியாக, இணையம் இல்லாமல், காற்றிலிருந்தே டிவி பார்க்கும் வசதி வைத்தார்கள். நிலநடுக்கம், சுனாமி என்று பழகிய தேசம் அது. ஒரு கோபுரம் நின்றால் போதும், லட்சம் பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் அதற்குச் சுமை கூடாது. செல்போன் கோபுரம் அப்படி அல்ல. கூட்டம் கூடினால் திணறும். இங்கேயும் செல்போனுக்கு நேராக ஒளிபரப்பும் முறையைச் சோதித்துப் பார்ப்பதாகப் பேசுகிறார்கள். அது நகரத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் பார்ப்பதற்கு என்று மட்டும் போய்விடாமல், காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் புயல் எச்சரிக்கை கேட்பதற்கு முதலில் வரவேண்டும். கூடவே தமிழில் இலவசமாக நாலு நல்ல சேனல் டிவிக்கும் வந்தால் அந்த வயதான அம்மாவுக்கு மாதம் 300 மிச்சம்.

அது வரும் நாள் வந்தால், நானே ஆண்டெனா வாங்கச் சொல்லி எழுதுவேன்.

அதுவரை செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். டிவிக்குப் பின்னால் இருக்கும் ஒயரைப் பாருங்கள். எச்.டி.யில் எந்த இரண்டு மூன்று சேனல் உண்மையில் தேவை என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மற்றதைச் சாதாரணத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பில் குறையும். செய்திக்கும் பட்டிமன்றத்துக்கும் எச்.டி. எதற்கு? கிரிக்கெட்டுக்கும் படத்துக்கும் வேண்டுமானால் சரி. கேபிள்காரரிடம் என்ன பேக் ஓடுகிறது என்று ஒரு தடவை கேளுங்கள். யாரும் பார்க்காத சேனலுக்கு வருடக்கணக்கில் பணம் போய்க்கொண்டிருக்கலாம். ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டால், வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஏரியாவில் இதை மாட்டி, எந்தச் சேனல் வருகிறது என்று யாராவது காட்ட முடியுமா?" காட்ட ஆள் இல்லை என்றால் பர்ஸை மூடிவிடுங்கள்.

மொட்டை மாடியில் பழைய மீன்முள் இன்னும் நின்றுகொண்டிருந்தால், ஐப்பசி மழைக்கு முன் ஆள் வைத்துக் கழற்றி இறக்கிவிடுங்கள். நீங்களே ஏறாதீர்கள், நமக்கு அந்த வயது போய்விட்டது. உப்பு அரித்த கம்பம் புயலில் முறிந்தால் நம் மாடியில் விழாது, பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான் விழும். இரும்புக் கடையில் எடை போட்டால் வருவது வரட்டும். அந்தக் காசில் ஒரு டிரான்சிஸ்டருக்கு பேட்டரி வாங்கி வையுங்கள். சந்தா கட்டாமல் காற்றிலிருந்து நம் வீட்டுக்கு வருவது இன்று அது ஒன்றுதான்.